நகக்கண்

நான்காவது விரலைக் கொடுங்கள் என்றேன்.
அதில்தான் தோல் மெலிசு, வெளிச்சம் உள்ளே இறங்கும்.
மர்யுன் ஐந்தையும் மேசைமேல் வைத்தாள்,
வேண்டியதை எடுத்துக்கொள் என்பதுபோல.
நுனிகள் ஊதா. ஒன்று மட்டும் மெழுகு வெள்ளை.
பதினெட்டு வருடம் மீன் ஆலையில்,
பனிக்கட்டித் தொட்டிக்குப் பக்கத்தில்.

டோர்ஸ்ஹவன் ஆஸ்பத்திரியின் கடைசி அறை.
ஹீட்டரைக் கூட்டி வைத்திருந்தேன்.
வெளியே மழை கிடைமட்டமாகப் பெய்தது,
இந்தத் தீவுகளில் அதற்கு அதுதான் பழக்கம்.

நகத்தின் ஓரம் ஒரு சொட்டு எண்ணெய்.
லென்ஸை இறக்கினேன்.
திரையில் மங்கல், மங்கல்,
பிறகு திடுமென
வரிசையாய்க் கொண்டை ஊசிகள்.
ஏறும் கால் ஒல்லி,
இறங்கும் கால் கொஞ்சம் பருமன்.

இதுதான் குழாயா என்றாள்.
இல்லை, குழாய் தெரியாது.
தெரிவது உள்ளே போகிற ரத்தம்.
சுவர் ஒரே செல் கனம்.
சில இடத்தில் ஒற்றைச் செல்லே தன்னைச் சுருட்டி
தன் விளிம்பைத் தானே பற்றிக்கொண்டு
குழாயாகிவிடுகிறது,
பேருந்து வராத நிறுத்தத்தில்
தன்னையே கட்டிக்கொண்டு நிற்பவர்போல.

தமனிக்கு மூன்று சட்டை.
நடுச்சட்டை முழுக்கத் தசை; குளிர் என்றதும் இறுகும்.
தந்துகிக்கு உள்சட்டைகூடப் பாதிதான்.
வெளியே அங்கங்கே ஒரு செல்
நீண்ட கைகளால் அதைத் தழுவிக் கிடக்கும்.
மேலே வாசலைச் சாத்திவிட்ட செய்தி
இதற்கு வந்து சேர்வதில்லை.
காத்திருக்கும்.

பாதையைவிட அகலமான செல்கள் அதில் போகின்றன.
ஒற்றையடிப் பாதை. ஒன்றன்பின் ஒன்றாய்,
மடிந்து, நீண்டு, சுவரை உரசிக்கொண்டு.
உரசினால்தான் கொடுக்க முடியும்.

ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்பதாவது வேண்டும்.
நான்கு எண்ணினேன்.
ஒன்று வீங்கி, பலூன்போல.
அதற்கப்பால் வெறும் தோல்,
உழுதுவிட்டு விதைக்காத நிலம்.
எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டேன்.

ஆலையில் எனக்கும் இதே வேலைதான் என்றாள் மர்யுன்.
கண்ணாடி மேசை, அடியில் விளக்கு,
மேலே மீன் துண்டு.
புழு இருந்தால் நிழல் விழும்.
ரத்தம் கட்டியிருந்தால் கறுப்பு.
ஒரு துண்டுக்கு நாலு நொடி தருவார்கள்.
பிறகு அந்த மெழுகு விரலால் திரையைத் தொட்டாள்.
இங்கே ஒன்றை விட்டுவிட்டாய்.

பார்த்தேன்.
மூன்றாம் ஊசிக்கு மேல் கசிந்த புள்ளி,
கடுகை நூறாக்கினால் அதில் ஒன்று.
விட்டுத்தான் இருந்தேன்.

ஆலையாக இருந்தால் இதை வெட்டி எறிந்திருப்பேன்
என்று சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
சரி, உன்னுடையதைக் காட்டு.

எண்ணெய். லென்ஸ். என் நகக்கண்.
உதடு அசைய எண்ணினாள்: பதினொன்று.
ஒன்று முறுக்கிக் கிடக்கிறதே?
அது எல்லோருக்கும் ஒன்றிரண்டு இருக்கும் என்றேன்.
ம். நாங்களும் அதை விட்டுவிடுவோம்.

மறுபடி அவள் விரல்.
வளைவில் ஓட்டம் நின்றிருந்தது,
ஒரு செல் திருப்பத்தில் முட்டிக்கொண்டு,
பின்னால் மற்றவை.
நாலு நொடி கடந்தது. நாற்பது கடந்தது.
ஹீட்டர் மட்டும் முனகியது.
விரலை எடுக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

முன்னால் நின்றது
மெதுவாக மடிந்தது.