பால் கணக்கு

ஜூன் மாதப் புதன்கிழமை, மாலை ஆறரை.
கோரிமேட்டு மருந்துக்கடைகளில் விளக்கெரியும் நேரம்.
லியோனில் மூன்று மணி.
மலாவியில், பிளாண்டையரிலும் மூன்றுதான்.
கடிகாரம் ஒன்றாய் ஓடுகிற ஊர்களில்
மருந்து ஒன்றாய்க் கிடைப்பதில்லை,
திரையின் சதுரங்களைப் பார்த்தாலே தெரியும்:
ஒருவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி,
இன்னொருவருக்கு அட்டைப்பெட்டி அடுக்கு,
எங்களுக்குப் போன வருஷத்துக் காலண்டர்.

டாக்டர் மணிமொழியன் சில்லுப் படத்தை ஏற்றுவார்.
ஊதாவில் உருண்டை உருண்டையாய் அணுக்கள்.
"பண்ருட்டி. நான்கு வயது. பெண்."
லியோன்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
திரைக்குள் விழப்போகிறவர்போல் குனிவார்.
ஒரு வாக்கியம் சொல்வார், ஓர் அளவு குறையும்.
தன் எலும்பு மஜ்ஜை கடல் தாண்டிப் போய்வந்தது தெரியாமல்
அந்தப் பெண் வார்டில்
இட்லி வேண்டாம் என்று அடம்பிடித்துக்கொண்டிருப்பாள்.

நான் கடைசி நாற்காலி. ஒப்பந்த நர்ஸ்.
மைக் வயர், டீ, கரண்ட் போனால் இன்வெர்ட்டர்.
பேசுவது என் வேலையில் இல்லை.

அன்றைக்கு பிளாண்டையரின் டாக்டர் சிகோண்டி கேட்டார்:
மருந்து ஒருவழியாய் வந்து சேர்ந்துவிட்டது.
பிள்ளைகள்தான் திரும்பி வருவதில்லை.
நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

லியோன் பேசவில்லை.
மணிமொழியன் திரும்பி என்னைப் பார்த்தார்.

என்னிடம் இருப்பது ஒரு நீள நோட்டு.
அட்டையில் 'பால் கணக்கு' என்று அச்சடித்திருக்கும்,
கடையில் அதுதான் இருந்தது.
வராத ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்.
நோயின் பெயர் அதில் கிடையாது.
எந்த பஸ், கடைசி வண்டி எத்தனைக்கு,
அப்பா கடலுக்குப் போகிற நாள், தடைக்காலம்,
முந்திரி உடைத்தால் அம்மாவுக்கு என்ன கூலி,
இங்கே ஒரு நாள் வந்தால் அதில் எவ்வளவு போகும்,
யார் போனுக்கு அடித்தால்
திட்டாமல் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

தாழங்குடா சஞ்சீவனின் பக்கத்தைச் சொன்னேன்.
என் ஆங்கிலம் மழைக்குப் பிந்திய
கடலூர் ரோடுபோல் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று.
எட்டாம் மாதம் அவனுக்கு முடி முளைத்தது.
அவ்வளவுதான். வரவில்லை.
முடி வந்தால் நோய் போயிற்று என்று
யார்தான் நினைக்கமாட்டார்கள்?
இன்னும் ஒன்றரை வருஷம் மாத்திரை உண்டென்று
நாங்கள் சொல்லாமல் இல்லை. சொன்னோம்,
முதல் நாள், அவன் அம்மா அழுதுகொண்டிருந்தபோது.
அழுகிறவர் காதில் வருஷக்கணக்கு தங்குமா?

இப்போதெல்லாம் முடி முளைக்கிற வாரத்தில் நானே அடிக்கிறேன்:
"என்னக்கா, சீப்பு வாங்கியாச்சா?"
சிரிப்பார்கள்.
அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பஸ் நேரத்தைச் சொல்லிவிடுவேன்.

சீப்புக்கு ஆங்கிலம் வரவில்லை.
தலையில் விரலை விட்டு வாரிக் காட்டினேன்.
மூன்று நாட்டிலும் வாரிக்கொண்டார்கள்.
லியோன்காரருக்கு வழுக்கை, அவரும்.

எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு நேரமே கிடையாது,
நிரம்பினால்தான் புறப்படும் என்றார் சிகோண்டி.
அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.
டிரைவர் நம்பரை வாங்கி வையுங்கள் என்றேன்,
எழுதிக்கொண்டார்.

லியோன்காரர் தொண்டையைச் செருமினார்.
நிதி கேட்டு எழுதும் தாளில்
பஸ் கட்டணத்துக்குத் தலைப்பே இல்லையே,
எதில் சேர்ப்பது?
மருந்து என்று போடுங்கள் என்றேன்.

முதுநகர்ப் பக்கம் ஒன்றை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன்.
கேமராவுக்குக் காட்டவில்லை.
அந்த நம்பர் இப்போது வேறு யாருடையதோ.
ஒருநாள் பழக்கத்தில் அடித்துவிட்டேன்.
ராங் நம்பர் என்றார் ஓர் ஆள்.
பின்னால் பிள்ளைகள்
கத்திக் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.