குளிர்பெட்டிக்குள் ஒலிப்பது

குதாயிசி நகரில், மூன்றாம் மாடியில்,
கைபேசியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான்
நாத்தேலா வாய் திறப்பாள்.
வெண்ணெய்க்குப் பக்கத்தில்
அரசாங்கத்தின் காது
சில்லிட்டுக் கிடக்கும்.

அன்று உள்ளிருந்து அதிர்ந்தது:
"குழாய்த் தண்ணீரில் நஞ்சு.
பத்துப் பேருக்காவது அனுப்புங்கள்."
அனுப்பியவன் சொந்தத் தம்பி, கோச்சா.
அவனுக்கு யார் அனுப்பினார்களோ,
அவனுக்கே தெரியாது.

மறுப்பு எழுத உட்கார்ந்தாள். எழுதவில்லை.
ரொட்டிக்கடை வரிசைக்கு முன்னால் போய்
குழாயைத் திருகி
ஒரு குவளை குடித்தாள்.
இன்னொன்றும்.
எல்லாரும் அவள் தொண்டையையே பார்த்தார்கள்.
கால்மணி கழித்து
ஒருத்தி மட்டும் பாட்டிலை நீட்டினாள்.
மற்றவர்கள்
படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரவு வெண்ணெய் எடுக்கத் திறந்தால்
அவள் முகமே ஒளிர்கிறது:
"நஞ்சு குடித்த முதல் பெண்."
அனுப்பியவன் கோச்சா.
அடியில் ஒரு வரி:
"அக்கா, இருக்கியா?"