சுட்டு

படிவத்தின் பதினான்காம் வரி:
‘வேண்டியதை விரலால் சுட்டுகிறானா?’
இல்லை என்று நான்தான் எழுதினேன்,
நீல மையில், சற்றும் தயங்காமல்.

சாட்ஸ்வொர்த்தில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
கூரைத் தகரத்தில் குரங்குகள் தடதடத்து ஓட
லெவஷான் படையாச்சி, வயது ஆறு, சொற்கள் இல்லை,
என் பொம்மை வீட்டைத் தொடவில்லை.
குமிழி ஊதினேன், பார்க்கவில்லை.
படப் புத்தகத்தில் பனிமனிதனைக் காட்டினேன்.
டர்பனில் பனி! எந்த ஊர்க்காரன் வரைந்தானோ,
இருபது வருடமாக நானும் அதையே காட்டுகிறேன்.
அவன் கதவோரம் போய் நின்றான்.
ஆள்காட்டி விரலை நேரே மேலே நிமிர்த்தினான்.
அண்ணாந்து பார்த்தேன்.
மின்விசிறி. ஒரு பல்லி.
அவன் கண் அங்கே இல்லை.
‘பொருளற்ற கையசைவு, திரும்பத் திரும்ப’
என்று குறித்தேன்.
பதினொரு முறை. எண்ணியும் வைத்தேன்.

டவுனில் தையல் ஆலை, அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு
வந்திருந்தாள் அவன் அம்மா பிரெமிலா.
ஒன்றே ஒன்று கேட்டாள்: பேசுவானா?
அதற்கு என்னிடம் நான்கு பதில்கள் உண்டு.
நான்கும் ‘தெரியாது’தான்,
சலவை செய்து மடித்து வைத்தவை.
அன்று மூன்றாவதைக் கொடுத்தேன்.

புதன்கிழமை வகுப்பு. முதுகலை, ஒன்பது பேர்.
அம்மாவிடம் கையெழுத்து வாங்கிய ஒளிப்பதிவை
நிறுத்தி நிறுத்தி விளக்கினேன்:
இங்கே பாருங்கள், பார்வை சேரவில்லை,
இங்கே, பகிர்தல் இல்லை, இங்கே கை
பின்வரிசையில் சிரிப்பு.
நொக்வாண்டா ஸுங்கு வாயைப் பொத்திக்கொண்டாள்.
‘மன்னியுங்கள் டாக்டர்.
பையன் டாக்ஸி நிறுத்துகிறான்.’

எழுந்து வந்து
மேசைகளுக்கு நடுவே சாலையோரம் நிற்பவளாய்
விரலை உயர்த்தினாள்.
‘இது டவுன். கீழே காட்டினால் இந்த வட்டாரம்.
ரெண்டு வண்டி மாறித்தானே உங்கள் வகுப்புக்கு வருகிறேன்.’
பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.
தலையாட்டினார்கள், என்னைப் பார்க்காமல்.
என் கார்ச் சாவி மேசைமேல் கிடந்தது.

அ என்றால் அங்கே, இ என்றால் இங்கே,
இடையில் ஓர் உ, அது வழக்கொழிந்தது என்று
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறேன்.
வானத்தைக் காட்டி
வானத்தைச் சொல்லாத இந்த விரலை
யாரும் சொல்லித் தரவில்லை.
அதைப் படிக்க வேண்டியவன்
எண்பதில் வரும் ஓட்டுநர்.
பதினொரு முறை நான் நிற்காமல் போயிருக்கிறேன்.

அறிக்கை அதற்குள் கல்வித் துறைக்குப் போய்விட்டது.
ஒரு பக்கத் திருத்தம் அனுப்பினேன்.
‘இல்லை’யை அடித்தேன். ‘ஆம்’ எழுதக் கை வரவில்லை,
ஓரத்தில் எழுதினேன்: டவுனுக்குப் போகக் கேட்கத் தெரியும்.
ஆட்டிசம் ஆட்டிசம்தான். அந்த வரி மாறவில்லை.

அடுத்த முறை பொம்மை வீட்டை அலமாரிக்குள் தள்ளினேன்.
நாற்காலிகளை முன்னும் பின்னுமாய்ப் போட்டு
முன்னால் உட்கார்ந்து
தட்டைப் பிடித்து ஓட்டினேன்.
வெகுநேரம் கதவோரமே நின்றான்.
இரண்டாம் சுற்றில் விரல் எழுந்தது. பிரேக் போட்டேன்.
ஏறினான்.
கொஞ்ச தூரம் போனதும் தோளில் ஒரு தட்டு.
திரும்பாமல் கையைப் பின்னால் நீட்டினேன்.
உள்ளங்கையில் ஒரு சோடா மூடி.

அவன் கை இன்னும் நீண்டே இருக்கிறது,
மீதிக்காக.
என்னிடம் சில்லறை இல்லை.