எலி தின்ற போர்வைகள்

காகிதம் வேண்டாம் என்றார் லெப்டினன்ட் பெவரெல்.
வாயிலிருந்து வந்த ஆவிதான் உத்தரவு.
செயிண்ட் லாரன்ஸ் நதி கல்லாகி மூன்று வாரம்.
அக்கரை இன்னொரு நாடு,
இங்கிருந்து விசிலடித்தால் அங்கே நாய் திரும்பிப் பார்க்கும்.

நவம்பரில் ஓடிய ஐந்து பேரும் அங்கேதான்.
கில்ஃபிலன் லாயம் கூட்டுகிறானாம்.
ஈம்ஸ் ரொட்டி சுடுகிறானாம்.
கொய்ன் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு
ஞாயிறானால் கஞ்சி போட்ட சட்டையில் திரிகிறானாம்.
சொன்ன மீன்காரனுக்கு இரண்டு பொற்காசு.
நான் எழுதினேன்: மெழுகுவர்த்தி, இரண்டு பெட்டி.

நான் பண்டகசாலைக் குமாஸ்தா.
துப்பாக்கி தூக்கியதில்லை,
தூக்குகிறவனிடம் கையெழுத்து வாங்குவேன்.

வெள்ளைத் துப்பட்டி பதினொன்று, பனியோடு பனியாக:
ஆஸ்பத்திரியில் கிழிந்தவை.
போர்வை எட்டு, குதிரைக் குளம்பில் சுற்ற:
எலி தின்றது.
ரம் நான்கு காலன்: பீப்பாய் ஒழுகல்.
கயிறு.
கயிற்றுக்கு என்ன பொய் சொல்வது?
கிணற்றில் விழுந்தது என்று போட்டேன்.
கோட்டையில் கிணறே இல்லை என்பது
மறுநாள் முகம் கழுவும்போதுதான் உறைத்தது.

ஆள் பொறுக்குவதற்கு ஒரு ராத்திரி முழுக்க ஆனது.
சார்ஜென்ட் டூஹி பட்டியலில் கட்டைவிரலை வைத்து
பெயர் பெயராக நசுக்கிக்கொண்டு போனார்.
இவன் வேண்டாம், முதுகில் சவுக்கடி இன்னும் ஆறவில்லை.
இவன் தம்பி அக்கரையில்.
இவன் நன்றாக நீந்துவான்.
உறைந்த ஆற்றில் நீச்சல் எதற்கு என்றேன்.
ஏப்ரலுக்கு இடம் பார்த்து வைப்பான் என்றார்.
மிஞ்சியவர்கள்
பெண்டாட்டி பிள்ளை கோட்டைக்குள் இருக்கிறவர்கள்.
அது நான் வழங்காத கயிறு.
ஒருவன் மட்டும் தனிக்கட்டை, முரசடிக்கும் ஹோசியா லக்.
அவன் குரலுக்குத்தான் ஈம்ஸ் கதவு திறப்பான்.

லெப்டினன்ட் கரையிலேயே நிற்பதென்று முடிவாயிற்று.
அதிகாரி அகப்பட்டால் அது போர்,
சார்ஜென்ட் அகப்பட்டால் வெறும் குடிபோதை.

பனிக்கட்டியை அளக்க என்னையே அனுப்பினார்கள்,
மீன்பிடிக்கிறவன் வேடத்தில், தூண்டிலோடு.
இக்கரையில் ஒரு முழம்.
நடுவில் ஒரு சாண், குதிரைக்கு ஆகாது.
பட்டுப்போன பைனுக்கு நேரே ஒரு சாண் நான்கு விரல்.
துளையில் கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
மேலே மூடியது அதற்குத் தெரியாது போல.

நாலு மணிக்குத் திரும்பினார்கள்.
சறுக்குவண்டியில் ஈம்ஸ் மட்டும்.
முழங்கை வரை மாவு,
கட்டின இடத்தில் கயிறும் மாவும் பிசைந்துபோய்.
காவலறைக்கு வழி என் கிடங்கு வழியாகத்தான்.
போகிறபோது என்னைப் பார்த்துச் சொன்னான்:
அடுப்பில் நாற்பது ரொட்டி இருக்கிறது,
யாராவது எடுக்கச் சொல்லுங்கள்.

துப்பட்டிகளைத் திரும்ப எண்ணினேன்.
ஒன்பது.
மறுபடி எண்ணினேன்.
லக் வரவில்லை, அது பாதி எதிர்பார்த்தது.
இன்னொன்று டூஹியுடையது.

விடிந்ததும் டூஹியின் மனைவி பங்கு வாங்க வந்தாள்,
மூன்று பிள்ளைகளும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு.
யாரும் இன்னும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.
நான் ஐந்து பேருக்கு நிறுக்கத் தொடங்கினேன்.
நாலு போதும் என்றாள்,
தராசைப் பார்த்தபடி.

அக்கரையில் ஒரு புகை மட்டும்
மற்றதைவிடக் கறுப்பாக எழுந்தது.
லெப்டினன்ட் வந்து புத்தகத்தைப் புரட்டினார்.
துப்பட்டி இரண்டு என்ன ஆயிற்று?
எலி, ஐயா.
தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பனியின் கனத்தைப் பற்றி
அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை.
பட்டுப்போன பைனுக்கு நேரே.
ஒரு சாண், நான்கு விரல்.
அதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.