இருவரும் ஒப்புக்கொள்வது

பாலத்தின் நடுவில், தண்ணீருக்கு மேலே
ஒரு கண்ணாடி அறை. என் வேலை அங்கே.
கப்பல் வந்தால் சாலையைத் தூக்க வேண்டும்,
போனதும் இறக்க வேண்டும்.
இடைப்பட்ட நேரத்தில்
துலூத் நகரத்துக்கு நான் தேவைப்படுவதில்லை.
அப்போதுதான் படிக்கிறேன்,
நாற்பத்தோரு வயதில்,
சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு.

இன்றிரவு ஒப்பீட்டு வாசிப்பு.
கட்டுரை இரண்டு, நதி ஒன்று.
முதலில் வாய்க்கால் வெட்டியவனுக்கே தண்ணீர்
என்கிறார் முதலாமவர்.
தண்ணீருக்கு ஏது சொந்தக்காரன்,
கரையில் இருப்பவர்கள் பங்கிட்டுக்கொள்ளட்டும்
என்கிறார் இரண்டாமவர்.
இவர் இருப்பது அவருக்குத் தெரியாது.
பெயர்கூட இல்லாத இந்த இருவரையும்
ஒரே மேசையில் உட்காரவைத்து
காபி ஊற்றிப் பேசவைக்க வேண்டியவள் நான்,
எட்டே முக்கால் நிமிடத்துக்குள்.

கேள்வி பதினேழு.
முதல் கட்டுரையின் கடைசிப் பத்திக்கு
இரண்டாம் ஆசிரியர் என்ன பதில் சொல்லக்கூடும்?

ஐலா நீமி என்ன சொல்வாள் என்று யாரும் கேட்கவில்லை.
தெரிந்தும் பென்சில்
ஐலா நீமி பக்கமே சாய்கிறது.
எனக்கு முதலாமவரைப் பிடிக்கவில்லை.
பிடிக்காதவன் வாயில்
அவன் சொல்லாததைத் திணிப்பது
எவ்வளவு சுலபம்.

பதினெட்டு.
கீழ்க்காண்பவற்றில் எதை இருவரும் ஒப்புக்கொள்வார்கள்?
வாரம் தவறாமல் நான் வழுக்கி விழும் இடம்.
பயிற்சிப் புத்தகம் படித்துப் படித்துச் சொல்கிறது:
‘எப்போதும்’ என்று வந்தால் சந்தேகப்படு.
ஒருவர் மட்டும் சொன்னது, எத்தனை அழகாகச் சொன்னாலும்,
தவறான விடை.
உரக்கச் சொன்னதைத் தேடாதே,
இருவரும் சொல்லாமல் நின்றுகொண்டிருக்கும்
தரையைத் தேடு.

தரை.

என் பையில் வேறு இரண்டு தாள்கள் இருந்தன.
அப்பாவின் சொத்து வழக்கில்
நீதிமன்றத்துக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தவை.
ஒன்றில் தம்பி ஆர்வோவின் கையெழுத்து, ஒன்றில் என்னுடையது.
ஏரியோரம் ஒரு மரவீடு, புகை படிந்த சௌனா,
நாற்பது அடிக் கரை, அவ்வளவுதான் சொத்து.
பதினோரு கோடை கூரையைச் செப்பனிட்டது நான்,
எப்போதும் நான் மட்டுமே: இது அவன்.
வரி கட்டியது நான், அவரைத் துடைத்துப் படுக்கவைத்தது நான்,
எப்போதும் நான் மட்டுமே: இது நான்.
இரண்டையும் நேற்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்,
ஒரே முத்திரை குத்தி.
‘இறந்தவரின் பெயர் பதிவேட்டுடன் பொருந்தவில்லை.’

கடிகாரத்தை நிறுத்தினேன்.

பதிவேட்டில் அவர் ஹாரி.
இரும்புத்தாதுக் கிடங்கின் முதல் நாளில்
வாயில் நுழையாத பெயரைக் கேட்ட எழுத்தர்
ஹாரி என்று எழுதிக்கொண்டான்.
சம்பளக் காசோலையில் ஹாரி, ஓட்டுநர் உரிமத்தில் ஹாரி,
இறப்புச் சான்றிதழிலும் ஹாரிதான்.
ஆர்வோ எழுதியிருக்கிறான்: ஊர்ஹோ.
நானும் எழுதியிருக்கிறேன்: ஊர்ஹோ.
பேச்சு நின்று பதினாறு மாதம் ஆகிறது.
கலந்து எழுதியதல்ல.

அப்போது கப்பல் கூப்பிட்டது.
மூன்று நெடில், இரண்டு குறில்.
கோதுமை ஏற்ற வரும் வெறுங்கப்பல்,
உயரமாக, விளக்கு விளக்காக.
சாலையைத் தூக்கினேன்.
கீழே ஏழு கார்களும் ஒரு பீட்சா பையனும் காத்திருந்தார்கள்.
பாலமும் பதில் சொல்ல வேண்டும், அது முறை.
அதே மூன்று, அதே இரண்டு.
ஒப்புக்கொண்டேன் என்று அதற்குப் பொருள் இல்லை.
காதில் விழுந்தது,
அவ்வளவுதான்.

சாலை இறங்கியதும்
பதினெட்டுக்கு டி என்று குறித்தேன்.
கடைசிப் பக்கத்தில் பி என்று இருக்கிறது.
ஏன் பி என்று
இன்னும் எனக்குப் புரியவில்லை.
நாளை ஆர்வோவைக் கூப்பிட்டு
பெயரை யார் திருத்துவது என்று கேட்க வேண்டும்,
நாங்களா,
பதிவேடா.