பிடியரிசி

அவளுக்கு என் கோல் ஞாபகமில்லை.
அய்சால் மைதானத்தில், எண்பத்தேழாம் நிமிடம்,
இடது காலால்.
சேற்றிலிருந்து பந்து எழும்பியதைச்
சரிவுகளில் நின்று பார்த்தவர்கள்
இன்றும் டீக்கடையில் என்னிடமே அதை விவரிப்பார்கள்.
"அன்று மழை, துணி காயவில்லை"
என்பாள் பியாக்தன்சாங்கி.

வெள்ளிப் பூச்சு, இரண்டு காது,
வயிற்றில் பொறித்த பெயர்: ராங்சுவானா.
கோப்பைக்கென்று கண்ணாடி அலமாரி செய்தேன்.
அலமாரிக்கென்று கடன் வாங்கியதை
ஆறு வருடம் அவளிடம் சொல்லவில்லை.

அவளிடம் இருந்தது ஒரு பிஸ்கட் டப்பா.
அடுப்பு மூட்டும் ஒவ்வொரு முறையும்
உலையில் இடுமுன்
ஒரு பிடி அரிசி அதற்குள் விழும்.
விருந்தென்றாலும் ஒரு பிடி,
எங்களுக்கே போதாத நாளிலும் ஒரு பிடி.
சனிக்கிழமை சபைப் பெண்கள் சாக்கோடு வருவார்கள்,
எடை போட்டு நோட்டில் எழுதுவார்கள்.
விற்ற காசு, நாங்கள் பார்க்காத ஊரில்
யாரோ ஓர் ஊழியருக்குச் செருப்பாகும், மருந்தாகும்.
நோட்டில் வீட்டு எண்தான் இருக்கும்.

வேலை போன வருடம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.
நாளுக்கு இரண்டு பிடி, இருபத்திரண்டு வருடம்.
"ஒரு பைக் வாங்கியிருக்கலாம்" என்றேன்.
அவள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
"கடைசியில் அதை எங்கே ஓட்டிப் போவாய்?"
ஒரு கல்லைத் தட்டில் போட்டாள்.
டிக்.

ஜூலை. ஒன்பதாம் நாள் மழை.
நள்ளிரவில் ஒலிபெருக்கி அலறியது:
சரிவு வெடித்திருக்கிறது,
மேல்வரிசை வீடுகள் உடனே இறங்குங்கள்,
கையில் கொள்வதை மட்டும் எடுங்கள்.
நான் கோப்பையைக் கம்பளியில் சுற்றினேன்.
நிலப் பத்திரம் நினைவுக்கே வரவில்லை.
அவள் டப்பாவை எடுத்தாள்.
படியிறங்கும்போது டார்ச் வெளிச்சத்தில்
ஒருவர் சுமையை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
சிரித்தது அவள்தான்.

ஆலயக் கூடத்தில் அறுபது பேர், நனைந்த நாய்கள் மூன்று.
பாதை அடைந்துவிட்டது, கடை திறக்காது.
விடியும்போது குழந்தைகள் அழத் தொடங்கின.
பி துவாமி தயங்கித் தயங்கி டப்பாவைப் பார்த்தார்.
"உன்னுடையதாயிற்றே, கேட்கலாமா?"
"என்னுடையதாயிருந்தால் யோசித்திருப்பேன்.
அது கொடுத்து முடித்தது. அவரைக் கேளுங்கள்"
என்று மேலே காட்டினாள்.
மேலே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

பிறகுதான் கவனித்தோம்,
பதினோரு பெண்கள் டப்பாவோடு வந்திருந்தார்கள்.

அளக்கப் பாத்திரமில்லை.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்,
பிறகு கம்பளியை அவிழ்த்தேன்.
தலைதட்டி ஒன்பது கோப்பை.
வாங்கிய நாளிலிருந்து அதற்குள்
எதுவுமே இருந்ததில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

பகல் பதினொரு மணிக்கு வீடு போயிற்று.
சத்தம் அவ்வளவு பெரிதில்லை.
அலமாரி போயிற்று. கடன் போகவில்லை.

கோப்பை இப்போது கூடத்தில் இருக்கிறது.
சனிக்கிழமைகளில் அரிசி அளக்கிறது.
ஈரக் கைகள் பிடித்துப் பிடித்து
வெள்ளி உரிந்து செம்பு தெரிகிறது,
பெயரில் ராங் மட்டும் பாக்கி.
பொய் சொல்ல மாட்டேன்,
ஆளில்லாத நேரத்தில் போய்
மிச்சத்தை விரலால் தடவிப் பார்க்கிறேன்.
இன்னும் வலிக்கிறது, கொஞ்சம்.

அந்த உலகத்தில் ஒரு நோட்டு உண்டென்றால்
அதில் என் கோல் இராது.
ஒன்பது கோப்பை இருக்கலாம்.
அதுவும் அவள் அரிசி, பத்துப் பெண்களின் அரிசி;
பாத்திரம் மட்டும் நான்.

நேற்று அவளுக்குக் காய்ச்சல்.
வாடகை அறையில் நானே உலை வைத்தேன்.
புது டப்பா, ஓரத்தில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.
என் பிடி அவளுடையதைவிடப் பெரிது.
பாதியைத் திருப்பிப் போடலாமா என்று
கையை அந்தரத்தில் வைத்து நின்றேன்.
அவள் கண் மூடியிருந்தாள். தூங்கவில்லை, தெரியும்.

விரல்களைத் திறந்தேன்.