நுனி கணக்கில் இல்லை

சூரமங்கலத்து வால்வு பட்டறையில்
வாரம் ஆறு நாளும்
வேண்டாம் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன்.
நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் கூடினாலும்
சிவப்புப் பெயிண்ட் வைத்துக் கூடையில் போடுவேன்.
ஏழாம் நாள்
வெர்னியரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு
ஏற்காடு பஸ் ஏறினேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினொன்றாவதில் யாரோ எலுமிச்சை முகர்ந்தார்கள்.

அருளப்பன் எஸ்டேட் கணக்கர்.
ரைபிள் கிளப்பில் எனக்குப் பக்கத்துப் பாய்.
துப்பாக்கி அவருடையது, உரிமம் அவருடையது,
சந்தேகம் மட்டும் இருவருக்கும் பொது.

"எடுங்க, அளந்துடலாம்."
இல்லை, முதலில் கருவி குளிரட்டும்.
கீழே முப்பத்தெட்டு டிகிரியில் நீண்டுபோன எஃகு
இந்த மேசைமேல் ஒரு மணி நேரம் கிடந்து
தன் உடம்புக்குத் திரும்ப வேண்டும்.
அதுவரை காபி.
ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக்கில்
மிளகு ஏறிக்கொண்டிருந்தது
அவசரமே இல்லாமல்.

மருந்தில்லாத வெறும் பித்தளைக் கூடு.
கழுத்தில் மெல்லிய ரம்பக் கீறல்.
செம்புக் குண்டுக்கு மார்க்கரால் கறுப்புப் பூசி
அதன் வாயில் லேசாகச் செருகினோம்.
சேம்பரில் வைத்து போல்ட்டை மூடினார்,
பூட்டில் சாவி திரும்புகிற சத்தம்.
எங்கள் கண் போகாத இடத்தில்
குழலின் வரிகள் குண்டைப் பின்னுக்குத் தள்ளின,
இவ்வளவுதான் உனக்கு இடம் என்று.

வெளியே எடுத்து
அடியிலிருந்து நுனிவரை அளந்தேன்.
எழுபத்தொன்று புள்ளி மூன்று நான்கு.
அடுத்த குண்டு, புள்ளி இரண்டு ஒன்று.
அதற்கடுத்தது, புள்ளி நான்கு பூஜ்யம்.
அருளப்பன் என் கையைப் பார்த்தார்.
கையில் குற்றமில்லை, சார்.
நுனி பொய் சொல்லும்.
அச்சில் பிதுங்கியிருக்கும், டப்பாவில் முட்டியிருக்கும்.
குழலுக்குள் அது தொடுவது காற்றை மட்டும்.
வரியைத் தொடுவது தோள்.

பட்டறையில் நானே துளை போட்ட நட்டு ஒன்று
பர்ஸில் இருந்தது, சில்லறையோடு.
தோள்மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்தது.
நட்டின் கனத்தைக் கழித்தால்
ஐம்பத்தாறு புள்ளி பூஜ்யம் எட்டு.
மறுபடி, பூஜ்யம் எட்டு.
மூன்றாவது குண்டை அவரே அளந்தார்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
சுடுகிறபோது அவர் மறந்துவிடுகிற மாதிரி இல்லாமல்.

"வரியைத் தொட்டுக்கிட்டே இருந்தா நேராப் போகும்."
"அரை மில்லி தள்ளி நிக்கட்டும்."
"நீங்க எதையுமே தள்ளி வைக்கிற ஆளு."
இது குண்டைப் பற்றித்தானா என்று
நான் கேட்கவில்லை.

பிடிவாதமாக இன்னொரு கூட்டில்
குண்டை நீளமாக நிறுத்தி மூடினார்.
திறந்தார்.
கூடு மட்டும் வந்தது, வாயைப் பிளந்துகொண்டு.
குண்டு உள்ளேயே, வரிகளின் பிடியில்.
மருந்து இருந்திருந்தால் அத்தனையும் இப்போது
போல்ட்டுக்குள் கொட்டியிருக்கும்.
சொல்லவில்லை, அவரே சொன்னார்.

முன்பக்கமாகப் பித்தளைக் கம்பியை விட்டுத் தட்டினார்.
டிங்.
சிவப்புச் சிமெண்ட் தரையில் உருண்டு ஓடியது.
பீரோவுக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால்,
நாற்பது தாண்டிய இருவர் முழங்காலிட்டுத் தேடினோம்.
கிடைத்தவை ஒரு பொத்தான்,
நாலு காபிக்கொட்டை, ஒரு பல்லி முட்டை.

கூலி நோட்டில்
மூன்றாம் காட்டுப் பறிப்பாட்களின் வாரக் கணக்குக்குக் கீழே
அரை மில்லி கழித்து எண்ணை எழுதினார்.
பக்கத்தில் கையெழுத்துக் கேட்டார்.
போட்டேன்.

கடைசி பஸ்ஸில் டிக்கெட்டுக்குப் பையை உதறினேன்.
மடியில் விழுந்தது.
எல்லா இடமும் தேடியவள்
தரையில் வாய் திறந்து கிடந்த என் பையைத் தேடவில்லை.

கண்டக்டர் எடுத்து விரலில் உருட்டினார்.
கறுப்பு மையைக் கிழித்து நாலு கோடு,
கோட்டுக்குள் செம்பு.
"பம்பரத்து ஆணியா, மேடம்?"

வியர்த்தது, அந்தக் குளிரில்.
ஆனால் சுழற்றத்தானே அந்த வரிகள்?
"பம்பரமே அதுதான்" என்றேன்.

டிக்கெட் மெஷின்மேல் வைத்துச் சுண்டினார்.
நுனியில் நின்றது,
ஒன்றரைச் சுற்று.
பிறகு வளைவு வந்துவிட்டது.